மஸ்டர் சுவரில் நின்ற வெளிச்சம்

மாலை ஏழு மணி பத்து நிமிஷம். வெளிச்சம் பதினொரு நிமிஷம் நின்றது. அவள் பெயர் செண்பகக்கனி.

மன்னிக்க வேண்டும். நீங்கள் டார்ச்சை எடுத்து எதிர்ப்பாறைமேல் அடித்தீர்கள், என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அணைக்க வேண்டாம். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். கொஞ்சம் அசைத்துக்கொண்டே இருங்கள். அப்படித்தான், நன்றி.

விழுந்த மரத்தை அறுத்து எடுக்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்கிறார் கண்டக்டர். பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி டீ தேடிப் போய்விட்டார்கள். இந்த வளைவில் எங்கே டீ? நீங்கள் எந்த ஊர்? கோயம்புத்தூரா? மலைக்கு இதுதான் முதல் தடவையா? அப்படியானால் நல்லது. எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

என் பெயர் தனராஜ். வட்டச்சோலை எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை, அதில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். கவாத்துக் கத்தி, மருந்து அடிக்கும் பம்ப், மழைச் சாக்கு, பேட்டரி, எது வெளியே போனாலும் என் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் போகும். ஒரு ஆணி குறைந்தது கிடையாது. எந்த மேனேஜரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. நடுவில் பள்ளம். பள்ளத்தில் டீ பேக்டரி. இந்தப் பக்கத்து மேட்டில் எங்கள் ஸ்டாப் குவார்ட்டர்ஸ். எதிர்ப்பக்கத்துச் சரிவில் மஸ்டர் கொட்டகை. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசித்து வேலை பிரித்து அனுப்புகிற இடம். அதன் பக்கச் சுவர் மட்டும் நல்ல வெள்ளை. பேக்டரியிலிருந்து தொழிலாளர் லைன் வீடுகளுக்கு இரண்டு வழி. மேல்ரோடு, மஸ்டர் கொட்டகையைத் தாண்டிப் போவது, ஜீப் ஓடும். இன்னொன்று கீழ்த்தடம். ஓடை ஓரமாகப் பம்ப் ஹவுஸைத் தொட்டுப் போகும். ஒரு ஆள் நடக்கலாம், அவ்வளவு அகலம்.

அப்போது அங்கே செல்போன் எடுக்காது. யானை வந்தால் எப்படிச் சொல்வது? அதற்கு நாங்களே ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். மேல்ரோட்டில் யானை நின்றால், பார்த்த ஆள் கொட்டகைக்குப் பக்கத்துத் தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறி, டார்ச்சை மஸ்டர் சுவரில் அடித்து அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அசைகிற வெளிச்சம் என்றால் யாரோ நடந்து போகிறார்கள். அசையாத வெளிச்சம் என்றால் யானை. அதைப் பார்த்தால் மேல்ரோட்டை விட்டுக் கீழ்த்தடத்தில் போக வேண்டும். வெளிச்சம் இல்லாத நாளில் கீழ்த்தடத்தில் பொழுது சாய்ந்து யாரும் கால் வைக்கக்கூடாது. சோலைக்காட்டை ஒட்டிய இடம். இது கூட்டம் போட்டு எடுத்த முடிவு. எழுதியது நான். இதற்கென்று நாலு டார்ச், ஸ்டோரில் என் பொறுப்பில்.

இரண்டாயிரத்துப் பதினாறு நவம்பர். என் மருமகன் திருப்பூரிலிருந்து ஒரு டார்ச் கொடுத்தனுப்பினார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் யாரோ வெளிநாட்டுக்காரர் கொடுத்தது. முழங்கை நீளம், கையில் எடுத்தால் சுத்தியல் மாதிரி கனம். பெட்டியில் ஆயிரம் மீட்டர் என்று போட்டிருந்தது.

என் மனைவி எஸ்தர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆயிரம் மீட்டர்னா ஒரு கிலோமீட்டரா?"

"ஆமா."

"ஒரு கிலோமீட்டர் தள்ளி நமக்கு என்னங்க பார்க்கணும்? வாசல்ல பாம்பு கெடந்தா கண்ணுக்குத் தெரியாது, டார்ச் மட்டும் ஆனைமலை வரைக்கும் அடிக்குதாக்கும்."

"போட்டிருக்கிறது நெஜமான்னு பார்க்கணும்ல?"

"பொருளு எதுவா இருந்தாலும் எடை போட்டுப் பார்த்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். அப்பவே எங்கப்பா சொன்னாரு, பையன் நல்லவன், ஆனா தராசுன்னு."

தொழில் புத்தி. பெட்டிமேல் ஒன்று எழுதி உள்ளே ஒன்று இருந்தால் எனக்குப் பொறுக்காது. ஆபீசிலிருந்து எஸ்டேட் மேப்பை வாங்கி வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். எங்கள் வராண்டாவிலிருந்து குவார்ட்டர்ஸ் தண்ணீர்த்தொட்டி இருநூற்று நாற்பது மீட்டர். சில்வர் ஓக் வரிசை ஐந்நூற்றுப் பத்து. மஸ்டர் சுவர் எண்ணூற்று இருபது. அதைத் தாண்டி மேட்டில் வெறும் காடு. வெளிச்சம் விழுந்தால் தெரிய ஒரு வெளுத்த பொருள் வேண்டும் அல்லவா? எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வெள்ளையாக இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான்.

பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, பனி இல்லை. இருட்டியதும் ஆரம்பித்தோம். தொட்டியின்மேல் அடித்தேன், குழாய்த் திருகு வரைக்கும் தெரிந்தது. சில்வர் ஓக், இலை இலையாகத் தெரிந்தது. பிறகு சுவர். கை நடுங்கினால் அங்கே வட்டம் ஆடுகிறது, சரியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் வராண்டாக் கட்டையில் இரண்டு செங்கல் வைத்து, நடுவில் டார்ச்சைச் செருகி நிறுத்தினேன். எஸ்தர் கையில் பைனாகுலர். யானை பார்க்க ஸ்டாப்புக்குக் கொடுத்தது.

"தெரியுதா?"

"இருங்க, கண்ணாடிய திருகுறேன். ஏதோ எழுத்து தெரியுது."

"படி."

"காலை... ஏழு முப்பதுக்கு... மேல்... வருபவருக்கு... பேர் இல்லை. ஏங்க, உங்களுக்கு எழுதிவெச்ச மாதிரியே இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். எண்ணூற்று இருபது மீட்டர், எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது! அப்போது நேரம் ஏழு பத்து. முழு வெளிச்சம் பத்து நிமிஷம் தாங்கும், பிறகு தானாகக் குறைந்துவிடும் என்றும் பெட்டியில் போட்டிருந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று அப்படியே விட்டேன். ஏழு இருபத்தொன்றுக்குக் குறைந்தது. பெட்டியில் சொன்னதைவிட ஒரு நிமிஷம் கூடுதல். நல்ல சாமான்.

மஸ்டர் சுவர் என்றால் என்ன, அசையாத வெளிச்சம் என்றால் என்ன என்று அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. சிக்னல் என்றால் தொட்டி மேட்டிலிருந்து வருவது. வராண்டாவிலிருந்து ஒரு டார்ச் அந்தச் சுவரைத் தொடும் என்று அதுவரை எவன் கண்டான்?

அதற்குள் கீழே ஓடைப் பக்கம் சத்தம். முதலில் ஒரு பிளிறல். பிறகு யாரோ தகர டின்னைப் போட்டு அடிக்கிற சத்தம். விடாமல் அடிக்கிறான்.

நானும் ஓடினேன். அந்த டார்ச்சை எடுத்துக்கொண்டுதான் ஓடினேன்.

செண்பகக்கனி பேக்டரியில் தூள் சலிக்கிற பிரிவில் வேலை. முப்பது வயது இருக்கும். ஷிப்ட் ஏழு மணிக்கு முடியும். கூட வேலை செய்கிற பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். சல்லடையைக் கழுவி வைத்துவிட்டு இவள் கால் மணி நேரம் பிந்திப் புறப்பட்டாள். பேக்டரி கேட்டைத் தாண்டி மேலே பார்த்திருக்கிறாள். சுவரில் வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. கீழ்த்தடத்தில் திரும்பிவிட்டாள். மேல்ரோட்டில் அன்று யானை இல்லை. கீழே இருந்தது. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் வாழை தின்ன வந்த ஒற்றைக் கொம்பன்.

பம்ப் ஆபரேட்டர் லிங்கதுரை டின்னை அடித்துத்தான் அதை விரட்டினான். நாங்கள் போனபோது அவள் வாய்க்காலில் கிடந்தாள். இடுப்பெலும்பும் இடது தொடையும் போயிருந்தன. ஸ்ட்ரெச்சருக்குக் கதவுப் பலகையைக் கழற்றி வந்தார்கள். வழி முழுவதும் நான்தான் வெளிச்சம் காட்டினேன். பகல் மாதிரி இருந்தது. "என்னா லைட்டு ஸ்டோர் ஐயா, இது மட்டும் இல்லேன்னா பொம்பளய எப்படித் தூக்கிட்டு ஏறியிருப்போம்" என்று நாலு பேர் சொன்னார்கள். உண்மையும் அதுதானே? அன்றைக்கு வேறு யாரிடமும் அப்படி ஒரு விளக்கு இல்லை.

ஜீப்பில் ஏற்றும்போது அவளுக்கு நினைவு இருந்தது. "மேல வெளிச்சம் நின்னுச்சு. அதான் கீழ வந்தேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வலியில் பிதற்றுகிறாள் என்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து ஆபீசில் விசாரணை. தொட்டி மேட்டில் அன்று ஏறியது யார்? யாரும் ஏறவில்லை. முன்னால் போன பெண்களைக் கேட்டார்கள். அவர்கள் ஏழு பத்துக்கு முன்பே கொட்டகையைத் தாண்டிப் போய்விட்டார்கள், எதையும் பார்க்கவில்லை. மேனேஜர் என்னை எழுத்தில் கேட்டார்: பதினெட்டாம் தேதி சிக்னல் டார்ச் எதுவும் ஸ்டோரைவிட்டு வெளியே போனதா? புத்தகத்தைப் பார்த்தேன். போகவில்லை. நாலும் அலமாரியில் இருந்தன. "வெளியே போகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் பொய் எழுதவில்லை. கேட்டது சிக்னல் டார்ச்சைப் பற்றி. புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதினேன். ஸ்டோர் கீப்பர் வேறு என்ன எழுத வேண்டும், சொல்லுங்கள்?

அந்தத் தாளை வைத்து முடித்துவிட்டார்கள். வெளிச்சம் எதுவும் காட்டப்படவில்லை, தொழிலாளி விதியை மீறிக் கீழ்த்தடத்தில் போயிருக்கிறார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். சிகிச்சைச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது, அதில் குறை இல்லை. குறை வேறு இடத்தில் முளைத்தது.

வெளிச்சம் இல்லை என்றால் அவள் எதற்காகக் கீழ்த்தடத்தில் போனாள்? வழியில் இருப்பது பம்ப் ஹவுஸ் ஒன்றுதான். அங்கே இருப்பது லிங்கதுரை ஒருவன்தான், கல்யாணம் ஆகாதவன். யானை பிளிறியதும் அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான்? பக்கத்திலேயே நின்றானோ? தண்ணீர்க் குழாயடியில் இப்படித்தான் பேசினார்கள். காப்பாற்றினவன் பத்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் அவள் பேர் தப்பியிருக்கும். உயிர்தான் தப்பியிருக்காது.

அவள் புருஷன் சுடலைமணி. மருந்து அடிக்கிற ஆள், அதிகம் பேச மாட்டான், குடிக்க மாட்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கூடவே இருந்து எல்லாம் செய்தான். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபிறகு ஒரு நாள் ஸ்டோருக்கு வந்தான். கையுறை வாங்க வந்தவன், வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"ஊருல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்றான். நீங்க புத்தகத்துல இருக்கறத மாத்திச் சொல்ற ஆள் இல்ல. அன்னைக்கு டார்ச்சு எதுவும் வெளிய போகலைன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"ஆமாப்பா."

"நாலும் உள்ளதான் இருந்துச்சா?"

"நாலும் உள்ளேதான்."

"சரிங்க ஐயா" என்றான். கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தான். "அவ குலசாமி மேல அடிச்சுச் சொல்றா, வெளிச்சம் நின்னுச்சுன்னு. நீங்க இல்லங்கறீங்க. நான் யாரு சொல்றத நம்புறது? உங்களத்தான நம்பணும்."

போய்விட்டான். நான் அன்று சரக்கு இருப்பை இரண்டு தடவை எண்ணினேன்.

வீட்டில் எஸ்தர் சும்மா இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே, "போய்ச் சொல்லிடுங்க. தெரியாமப் பண்ணினோம்னு சொல்லுங்க. அடிக்கவா போறாங்க?" என்றாள். ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் இருந்தது. விதியை எழுதியவனே விதியைக் கெடுத்தான் என்றால் என்ன செய்வார்கள்? இந்த மாதம் போகட்டும் என்றேன். கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். ஆடிட் முடியட்டும் என்றேன். சுடலைமணி வந்துபோன அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள், "நீங்க போகலேன்னா நாளைக்கு நான் போறேன். பைனாகுலர் என் கையிலதான் இருந்துச்சு."

மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம், எங்களோடு வந்து இருந்தாள். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்துப் போய் மகள் தலையில் வைத்தேன்.

"சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சத்தியமே பண்ணக்கூடாதுன்னு வேதத்துல இருக்குங்க."

"சொல்லு."

சொன்னாள். சத்தமில்லாமல் சொன்னாள். மகள் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் எஸ்தர் அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை. வேறு விஷயமும் அதிகம் பேசுவதில்லை. வயதானால் பேச்சு குறைவது வழக்கம்தான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். செண்பகக்கனிக்குச் சில்வர் ஓக் கட்டையில் நல்ல கைத்தடி கடைந்து கொடுக்கச் சொன்னேன். மேனேஜரிடம் பேசி, உட்கார்ந்து செய்கிற வேலை, பிள்ளைக் காப்பகத்தில், வாங்கிக் கொடுத்தேன். ஸ்டாப்பில் வேறு யார் அவ்வளவு செய்தார்கள்?

அந்தக் கைத்தடியை ஊன்றிக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேட்டில் ஏறி வந்தாள். அந்தக் காலோடு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். சர்ச் விட்டு நாங்கள் அப்போதுதான் வந்திருந்தோம். வராண்டாவில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்றாள். நின்றபடியே எதிர்ச்சரிவைப் பார்த்தாள்.

"ஐயா, இங்கேருந்து மஸ்டர் செவுரு நல்லாத் தெரியுதே."

"தெரியும்மா."

"அன்னைக்கு நீங்க வாசல்ல இருந்தீங்களா?"

எஸ்தர் கதவு நிலையில் நின்றிருந்தாள்.

"யாரு அடிச்சான்னு நான் கேக்கல ஐயா. எவனோ வெளையாட்டுக்கு அடிச்சிருப்பான், இருந்துட்டுப் போறான். அங்க ஒரு வெளிச்சம் நின்னதப் பார்த்தேன்னு நீங்க ஒரு வார்த்த எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னா போதும். வேற எதுவும் வேணாம். நீங்க சொன்னா அவரு நம்புவாரு. ஒரே வீட்டுக்குள்ள ஆறு மாசமா எம்மூஞ்சியப் பார்க்கல ஐயா. சோத்தக் கூட நான் போட்டா சாப்பிடறதில்ல."

பாருங்கள், எவ்வளவு சின்ன விஷயம். பார்த்தேன் என்று மட்டும். அடித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி என்ன? அப்போது ஏன் விசாரணையில் சொல்லவில்லை? எங்கிருந்து வந்தது? உங்களிடம் ஒரு பெரிய டார்ச் இருக்கிறதே? இந்த மூன்று கேள்வியும் எனக்கு ஒரே நேரத்தில் காதில் விழுந்தன.

"அன்னைக்கு நான் உள்ளே இருந்தேம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எஸ்தரைப் பார்த்தாள். "அம்மா நீங்க?"

எஸ்தர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். செண்பகக்கனி அதை நின்றபடியே குடித்தாள். டம்ளரைத் தானே குழாயில் கழுவி வைத்தாள். இறங்கிப் போகும்போது, "நெஜமாவே வெளிச்சம் நின்னுச்சும்மா. எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு. ஆனா நின்னுச்சு" என்றாள்.

மரம் அறுக்கிற சத்தம் நின்றுவிட்டது. கயிறு கட்டுகிறார்கள் போலிருக்கிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை என்றேன் அல்லவா? அது சரியில்லை. எஸ்தருக்குத் தோன்றியது. எழுத்தைப் படித்துச் சிரித்தோமே, அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துப் பைனாகுலரை இறக்கிவிட்டுச் சொன்னாள், "ஏங்க, அசையாம நிக்குதே. கீழேருந்து பார்க்கறவங்க யானைன்னு நெனச்சுக்க மாட்டாங்களா? அணைச்சுடுங்க." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம் ஆகியிருந்தது. "ஷிப்ட் விட்டு எல்லாம் போயாச்சு. இன்னும் ஆறு நிமிஷம், அளந்துடலாம்" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செண்பகக்கனி கேட்டைத் தாண்டியது எத்தனை மணிக்கு என்று பேக்டரி வாட்ச்மேன் புத்தகத்தில் இருந்தது. ஏழு பதினாறு. நான் போய்ப் பார்த்தேன். எஸ்தர் சொன்னபோது அணைத்திருந்தால் அவள் வெறும் சுவரைத்தான் பார்த்திருப்பாள்.

ஆயிரம் மீட்டர் என்பதும் முழு உண்மை இல்லை. பிற்பாடு மருமகன் விளக்கினார். அந்தத் தூரத்தில் நிலா வெளிச்சம் அளவுக்கு இருந்தாலே கம்பெனிக்காரர்கள் ஆயிரம் என்று போட்டுக்கொள்வார்களாம். எண்ணூற்று இருபதில் நல்ல வெளிச்சம்தான். அதில் சந்தேகம் இல்லை.

சுடலைமணி அவளை அடித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. அடுத்த வருஷம் பொங்கலுக்கு உடுமலையில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவனும் கூப்பிடப் போகவில்லை. பிள்ளை இல்லை. லிங்கதுரை எங்கே போனானோ, வேலையை விட்டுவிட்டான். நான் நல்ல பேரோடு ரிட்டயர் ஆனேன். விழாவில் மேனேஜர் பேசும்போது, பத்தொன்பது வருஷத்தில் இவர் புத்தகத்தில் ஒரு தப்பு கிடையாது என்றார். சுடலைமணியும் கை தட்டினான். கோர்ட்டுக்குப் போக வக்கீல் யாரையும் தெரியாமல் அவன் என்னிடம்தான் வந்தான். பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் விலாசத்தைக் கொடுத்தேன்.

டிரைவர் ஏறிவிட்டார், உங்கள் பையை இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

2019 ஜூன் 3, திங்கட்கிழமை, செண்பகக்கனிக்கும் சுடலைமணிக்கும் பொள்ளாச்சி கோர்ட்டில் விவாகரத்து ஆனது. இருவரும் சம்மதித்துக் கேட்டதால் சாட்சி என்று யாரையும் கூப்பிடவில்லை.